அந்தப் பக்கத்துக் கடைத்தெரு

மெக்சிகோவின் எல்லை ஊர்ச் சந்தைகளுக்கு ஒரு பயணம்

இரவு எட்டு மணி. திஹுவானாவிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பும் கார்கள் சான் இசிட்ரோ சோதனைச் சாவடியை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கின்றன. எங்கள் காருக்கு முன்னால் எத்தனை கார்கள் என்று எண்ணிப் பார்த்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். முதலில் வந்தது லவங்கப்பட்டை வாசனை. எண்ணெயில் பொரித்து, சர்க்கரையும் லவங்கப்பட்டைத் தூளும் தூவிய சுர்ரோவை நீளக் காகிதப் பைகளில் செருகி, தட்டைத் தோளில் சுமந்தபடி ஒருவர் கார்களுக்கு நடுவே வருகிறார். அவருக்குப் பின்னால் கம்பளிப் போர்வைகளைக் கழுத்துயரத்துக்கு அடுக்கிக்கொண்டு ஒரு பெண். பிறகு பிளாஸ்டர் உண்டியல்கள், குவாதலூப்பே மாதா சிலைகள், செல்போன் சார்ஜர்கள், வெட்டிய மாம்பழக் கோப்பைகள். கண்ணாடி துடைக்க ஈரத்துணியோடு ஒரு பையன். அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம்.

கதவுக் கண்ணாடியை இறக்கிப் பரபரவென்று பர்ஸைத் தேடினேன்.

“அவசரப்படாதே அக்கா. இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. கடைத்தெரு முழுக்க நம்மைத் தாண்டித்தான் போகும்” என்றான் தம்பி. அவனுக்கு சான் டியேகோவில் வேலை. இந்த வரிசை அவனுக்குப் பழக்கம்.

உள்ளூர்க்காரர்கள் இதை ‘லா லினெயா’ என்கிறார்கள். கோடு என்றும் பொருள், வரிசை என்றும் பொருள். உலகிலேயே அதிக நடமாட்டம் உள்ள நில எல்லைச் சாவடிகளில் ஒன்று இது. நாளொன்றுக்குச் சராசரியாக 70,000 வாகனப் பயணிகளும் 20,000 பாதசாரிகளும் இதன் வழியாக வடக்கே போகிறார்கள் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. எல்லைக்கு அப்பாலிருக்கும் அமெரிக்காவை மெக்சிகோக்காரர்கள் ‘எல் ஓத்ரோ லாதோ’ என்பார்கள். ‘அந்தப் பக்கம்’ என்று அர்த்தம். சான் டியேகோவில் இருப்பவர்களுக்கோ மெக்சிகோதான் அந்தப் பக்கம்.

கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெற்றோர்கள் இப்போது இந்தச் சந்தைகளுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். வரிபோட்ட கழுதையோடு எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. உடனே மூன்று கேள்விகள். பயமில்லையா? விசா வேண்டாமா? என்ன வாங்கினீர்கள்? மூன்றுக்கும் இந்தக் கட்டுரையில் பதில் உண்டு. ஆனால் அங்கே போய் வந்த பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது நான்காவதாக ஒன்று. இந்தக் கடைத்தெருக்களின் கதவுச்சாவி கடைக்காரர்களிடம் இல்லை. அது அடுத்த நாட்டின் தலைநகரில் இருக்கிறது. அந்தக் கதவு ஒவ்வொரு முறை சாத்தப்பட்டபோதும் யாருடைய அடுப்பு அணைந்தது என்று தெரிந்துகொண்டு போனால், அங்கே பேரம் பேசும் விதமே மாறிவிடும்.

தாகத்துக்கு வந்தவர்கள்

1920 ஜனவரியில் அமெரிக்கா மதுவை முழுக்கத் தடை செய்தது. குடிக்க விரும்பியவர்கள் தெற்கே நடந்தார்கள். 1921 கணக்கெடுப்பில் சுமார் ஆயிரம் பேர் மட்டுமே இருந்த திஹுவானா, 1930இல் எட்டாயிரத்தைத் தாண்டியது. ஒரு தெரு முழுக்க மதுக்கடை, உணவுக்கடை, சூதாட்டக்கூடம். 1928இல் அகுவா காலியென்தே என்ற பிரம்மாண்டமான சூதாட்ட மாளிகை திறந்தது. 1933இல் மதுவிலக்கு முடிந்தது. 1935இல் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் சூதாட்டத்தைத் தடைசெய்ய, மாளிகை மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் திஹுவானா நகரத்தின் மக்கள்தொகை 18 லட்சம்.

அந்தக் காலத்தின் மிச்சம் இன்றும் தட்டில் கிடைக்கிறது. உலகமெங்கும் ஓட்டல் மெனுவில் இருக்கும் சீசர் சாலட் இந்த ஊரில் பிறந்தது. 1924இல், சீசர் கார்டினி என்ற இத்தாலியர் நடத்திய உணவகத்தில். ரோமானிய மன்னருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாச்சோவின் கதை இன்னும் அழகு. 1940களின் தொடக்கம், போர்க்காலம். டெக்சாஸின் ஈகிள் பாஸில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் மனைவிமார் சிலர், ஆற்றைத் தாண்டி பியத்ராஸ் நெக்ராஸ் ஊருக்குக் கடைவீதி சுற்ற வந்தார்கள். சாப்பிடப் போன இடத்தில் சமையல்காரர் இல்லை. பரிமாறும் பொறுப்பிலிருந்த இக்னாசியோ அனாயா, கைக்குக் கிடைத்த சோள ரொட்டியைத் துண்டுபோட்டுப் பொரித்து, மேலே சீஸைத் துருவி, ஹலப்பேன்யோ மிளகாயை வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார். இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் நாச்சோ. வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளி வந்தால் நம் ஊர்ப் பெண்கள் இருப்பதை வைத்துச் செய்வார்களே, அதே சமயோசிதம். இன்று திரையரங்குகளில் பெட்டி பெட்டியாக விற்கும் அந்தத் தின்பண்டத்தின் பிறப்பிடம் எல்லை ஊர் ஒன்றின் சாப்பாட்டு மேஜை.

வரிபோட்ட கழுதை

திஹுவானாவின் அவெனிடா ரெவொலுசியோன் தெருவை உள்ளூரில் ‘லா ரெவு’ என்று சுருக்குகிறார்கள். தெருமுனையில் வண்ணம் தீட்டிய மரவண்டி. வண்டியின் முதுகில் மலையும் கள்ளிச்செடியும் வரைந்த படுதா. முன்னால் ஒரு வெள்ளைக் கழுதை. அதன் உடம்பில் வரிக்குதிரை போலக் கறுப்புக் கோடுகள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சாயம் முடிக்கற்றைகளில் ஒட்டி, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. பெரிய வட்டத் தொப்பியைத் தலையில் வைத்து உங்களை வண்டியில் உட்காரவைப்பார்கள்.

இந்த வேஷத்துக்குக் காரணம் கேமரா. கறுப்பு வெள்ளைப் புகைப்படக் காலத்தில் வெள்ளைக் கழுதை படத்தில் வெளிறி, பின்னணியோடு கலந்துபோனது. கோடு போட்டார்கள், படத்தில் எடுப்பாகத் தெரிந்தது. வண்ணப் புகைப்படம் வந்து, டிஜிட்டல் வந்து, இப்போது எல்லோர் கையிலும் கேமரா. கோடு மட்டும் அழியவில்லை, ஊருக்கே அடையாளமாகிவிட்டது. ஆனால் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்த தொழில், ஒவ்வொருவரிடமும் கேமரா வந்தபோது தேய்ந்தது. ஒரு காலத்தில் மூலைக்கு மூலை நின்ற வண்டிகளில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம்.

கடை வாசல்களில் நின்று கூப்பிடுபவர்களை ‘ஹலதோரெஸ்’ என்கிறார்கள். இழுப்பவர்கள் என்று பொருள். “பாசலே, பாசலே!” என்று உள்ளே வரச்சொல்லி அழைத்துவிட்டு, அடுத்த நொடியே சுத்தமான கலிபோர்னியா ஆங்கிலத்தில் பேசுவார்கள். கடைக்காரர்களின் சாமர்த்தியம் என்று முதலில் நினைத்தேன். பிறகு தம்பி சொன்னான். திஹுவானாவில் இப்படிப் பேசுபவர்களில் பலர் கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குப் போய், அங்கேயே பள்ளிக்கூடம் படித்து, காகிதம் இல்லாததால் நாடு கடத்தப்பட்டவர்கள். அந்த ஆங்கிலத்துக்காகவே ஊரில் கால் சென்டர்கள் அவர்களுக்கு வேலை தருகின்றன. மனைவி, குழந்தைகள் அந்தப் பக்கம். இவர்கள் இந்தப் பக்கம். சுற்றுலாப் பயணி ஒரு மணி நேரம் வரிசையில் நின்று தாண்டும் கோட்டை, சிலரால் ஆயுள் முழுக்கத் தாண்ட முடியாது.

ஒரு நடைபாலத்தின் படிக்கட்டுகளில் மணிமாலைகளும் நூல் வளையல்களும் பரப்பி உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் மிஷ்தெக் பழங்குடியினர். தெற்கே ஓஹாகா மாநில மலைக் கிராமங்களிலிருந்து 1960களில் தொடங்கி இங்கே குடிபெயர்ந்தவர்களின் வழி வந்தவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை மொத்தமாக ‘மரியாக்கள்’ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள்.

இருபது டாலர் போர்வையின் கணக்கு

பேரம் பேசாமல் இங்கே எதுவும் வாங்க முடியாது. அது கடைக்காரருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாமும் பேரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். பாண்டி பஜாரில் பாதி விலையில் ஆரம்பிப்பது நம் அம்மாக்கள் கற்றுக்கொடுத்த பாடம். இருந்தாலும் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கலாம்.

எல்லைச் சந்தைகளில் விலை பெரும்பாலும் டாலரில் சொல்லப்படுகிறது. கடைக்காரரின் வாடகையும் கூலியும் சாப்பாடும் பெசோவில் போகின்றன. 2020 ஏப்ரலில் ஒரு டாலருக்குச் சுமார் 25 பெசோ கிடைத்தது. 2024 ஏப்ரலில் 17 பெசோவுக்கும் கீழே இறங்கியது. அதாவது இருபது டாலருக்கு விற்ற அதே போர்வை 2020இல் ஏறக்குறைய 500 பெசோவாகக் கைக்கு வந்தது. நான்கே ஆண்டில் அது 330 பெசோ பக்கம் வந்து நின்றது. அதற்குள் மாவு, எரிவாயு, வாடகை எல்லாம் ஏறிவிட்டன. வாங்குபவருக்கு விலை மாறவேயில்லை. விற்றவருக்கு மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. விலையை ஏற்றினாலோ, “போன தடவை இருபதுதானே சொன்னீர்கள்” என்ற பேச்சு.

ஆகவே என் எண்ணம் இது. தொழிற்சாலையில் அச்சடித்த டிசர்ட்டுக்கும் கப்பலில் வந்திறங்கிய பிளாஸ்டிக் பொம்மைக்கும் மனம்போலப் பேரம் பேசுங்கள். இன்று இந்தக் கடைகளில் தொங்கும் சரக்கில் கணிசமானது மெக்சிகோவிலேயே செய்யப்பட்டதல்ல. ஆனால் தறியில் நெய்தது, கையால் தைத்தது, மண்ணைக் குழைத்துச் செய்தது கண்ணில் பட்டால், செய்தவரே விற்கிறார் என்றால், முதல் விலைக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள்.

---

பெட்டிச் செய்தி: வாங்கும்போது கவனிக்க

வெள்ளி: ‘925’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தாஸ்கோ ஊர் வெள்ளி வேலைக்குப் பேர்போனது. வெள்ளி போலவே மின்னும் கலவை உலோகமும் ‘அல்பாகா’ என்ற பெயரில் விற்கும்.

மட்பாண்டம்: பளபளப்பான மேற்பூச்சில் ஈயம் இருக்கலாம். சுவரில் மாட்ட வாங்குங்கள். புளிக்குழம்பு ஊற்றிவைக்க வேண்டாம். புளிப்பு ஈயத்தை இழுக்கும்.

வனிலா: மிக மலிவாக விற்கும் சில புட்டிகளில் வனிலாவுக்குப் பதில் டோங்கா விதைச் சாறு. அதில் உள்ள கூமரின் அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை.

மாத்திரை: 2023இல் வெளியான ஆய்வுகள், வடமேற்கு மெக்சிகோவின் சில மருந்துக்கடைகளில் சில்லறையாக விற்ற வலி மாத்திரைகளில் ஃபென்டனிலும் மெத்தாம்ஃபெட்டமினும் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தன. உயிருக்கே ஆபத்து. மருத்துவர் எழுதாத மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

---

மிளகாயும் புளியும்

நினைவுப் பொருள் தெருவிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, சோனா ரியோ பகுதியில் மெர்காதோ ஹிடால்கோ. இது ஊர்க்காரர்களின் சந்தை. நாற்புறமும் கடைகள், நடுவில் வண்டி நிறுத்தும் இடம். தலைக்கு மேல் காகிதத்தில் செய்த பின்யாதா பொம்மைகள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. கோணிப்பைகளின் வாயைச் சுருட்டிவைத்து, காய்ந்த மிளகாயை மலையாகக் குவித்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குக் கால் நகரவில்லை. ஆஞ்சோ, கறுப்புச் சிவப்பில் சுருங்கிய அகல மிளகாய். கையில் எடுத்தால் உலர்ந்த திராட்சை வாசனை. குவாஹியோ, வழவழவென்று நீளமானது. சிப்போத்லே, பழுத்த ஹலப்பேன்யோவைப் புகைபோட்டு உலர்த்தியது. மூக்கில் ஏறுவது விறகடுப்பு வாசம். ஆர்போல் மிளகாய், அசல் நம் நீட்டு மிளகாய். தாளிக்கக் கடாயில் போட்டால் வித்தியாசமே தெரியாது.

தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, உறவு அப்படி. மிளகாய் மெக்சிகோவின் செடி. போர்த்துக்கீசியக் கப்பல்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுவரும் வரை நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகாய் என்ற பெயருக்குள்ளேயே மிளகு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் கடையிலோ எதிர்த்திசைப் பயணி. பழுப்பு ஓட்டோடு புளி! பெயர் தமரிந்தோ. இந்தியாவின் பேரீச்சை என்ற அரபுப் பெயரிலிருந்து வந்த சொல். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் ஆசியாவின் சரக்கையெல்லாம் மெக்சிகோவில் இறக்கின. மாம்பழமும் அந்த வழியில் வந்ததுதான்.

கடைக்கார அம்மாள் ஒரு புளி மிட்டாயை நீட்டினார். புளி, மிளகாய்த்தூள், உப்பு, சர்க்கரை. வாயில் போட்டதும் பள்ளிக்கூட வாசலில் ஈர்க்குச்சியில் வாங்கித் தின்ற புளி உருண்டை ஞாபகத்துக்கு வந்தது. வெளியே ஒருவர் மாங்காயைப் பூ மாதிரி கீறி, எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தார். மெரினாவில் நின்றாலும் இதே காட்சிதான். இரண்டு பொட்டலம் ஆர்போல் மிளகாய் வாங்கினேன். பேரம் பேசத் தோன்றவில்லை.

பல்லுக்கு ஓர் ஊர்

எல்லைச் சந்தை என்றால் எப்போதும் போர்வையும் பொம்மையும் மட்டுமல்ல. அரிசோனாவின் யூமா நகருக்குப் பக்கத்தில் லோஸ் அல்கோடோனெஸ் என்ற குட்டி ஊர். சில ஆயிரம் பேர் வசிக்கும் இடத்தில் சில நூறு பல் மருத்துவர்கள். அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயர், கடைவாய்ப்பல் நகரம். எல்லையில் பூர்வகுடிகளான கெச்சான் மக்கள் நடத்தும் பெரிய வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு நடந்தே போகிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம் அலைமோதும். வடக்கின் பனிக்குப் பயந்து இறங்கிவரும் கனடா, அமெரிக்க முதியவர்கள்தான் பெரும்பாலும்.

காரணம் எளிமையானது. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரில் வழக்கமான பல் சிகிச்சை அடங்காது. பல் கட்டும் செலவு இங்கே அங்குள்ளதில் பாதிக்கும் கீழே. பல் வைத்துக்கொண்டு, கண்ணாடி மாற்றிக்கொண்டு, தெருவோரத்தில் மீன் டாக்கோ சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். உலகின் பணக்கார நாடு தன் முதியவர்களைப் பல்வலியோடு எல்லை தாண்ட வைக்கிறது என்பதை அந்த வரிசையில் கைத்தடியோடு நிற்பவர்களைப் பார்க்கும்போது மறக்க முடிவதில்லை.

கதவு சாத்தப்பட்ட நாள்கள்

1969 செப்டம்பர் 21. நிக்சன் அரசு கஞ்சாக் கடத்தலைத் தடுக்கிறோம் என்று எல்லை முழுவதும் ஒவ்வொரு வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தது. மணிக்கணக்கில் கார்கள் நின்றன. சுற்றுலாப் பயணிகள் வருவதை நிறுத்தினார்கள். சுமார் மூன்று வாரத்தில் கைவிடப்பட்ட அந்த நடவடிக்கை, எல்லை ஊர்களுக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனது. உங்கள் கல்லாப்பெட்டி எங்கள் சோதனைச் சாவடியில் இருக்கிறது என்ற பாடம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கெடுபிடி நிரந்தரமானது. முன்பெல்லாம் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, “அமெரிக்கக் குடிமகன்” என்று வாயால் சொன்னாலே திரும்பிப் போகலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நடை, மாலையில் ஒரு நடை. 2009 ஜூன் 1 முதல் நில எல்லைக்கும் பாஸ்போர்ட் அல்லது அதற்கு இணையான அட்டை கட்டாயமாயிற்று. பாஸ்போர்ட்டே எடுக்காத கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்கு இந்தத் தெரு ஒரே நாளில் வெளிநாடு ஆனது.

அதே ஆண்டுகளில்தான் போதைக் கும்பல்களின் சண்டையும் உச்சத்துக்கு வந்தது. 2005 ஜூனில் நுவேவோ லரேடோவில் புதிய போலீஸ் தலைவர் பதவியேற்ற சில மணி நேரத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். டெக்சாஸ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்வையும் தோல் செருப்பும் வாங்கிய ஊர் அது. சியுதாத் ஹுவாரெஸில் 2010ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட கொலைகள். கடைகளில் ஷட்டர் இறங்கியது, பலகை அடித்தார்கள். ஹுவாரெஸ் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிட்டது. நுவேவோ லரேடோ இருக்கும் தமாவுலிபாஸ் மாநிலம் இன்னும் மீளவில்லை. 2023 மார்ச்சில் அழகு சிகிச்சைக்காக மாத்தமோரோஸ் வந்த நான்கு அமெரிக்கர்கள் கடத்தப்பட்டு, இருவர் கொல்லப்பட்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வன்முறையில் செத்தவர்கள் மிகப் பெரும்பாலும் அந்த ஊர்களின் மக்கள். சுற்றுலாப் பயணி வராமல் இருந்துவிடலாம். தோல் செருப்பு விற்றவர் எங்கே போவார்?

கடைசியாக, கொரோனா. 2020 மார்ச் 21 முதல் 2021 நவம்பர் 8 வரை, ஏறக்குறைய 20 மாதம், ‘அத்தியாவசியமில்லாத’ நிலவழிப் பயணத்தை அமெரிக்கா நிறுத்தியது. இம்முறை அடி மறுபக்கத்துக்கும் விழுந்தது. அமெரிக்கக் குடிமக்களால் போய்வர முடிந்தது. விசா வைத்திருந்தாலும் மெக்சிகோக்காரர்களால் கடைக்குப் போக முடியவில்லை. அவர்களை நம்பியே இருந்த சான் இசிட்ரோ, லரேடோ, அரிசோனா நோகாலெஸ் கடைத்தெருக்களில் எத்தனையோ கடைகள் திறக்காமலே போயின. அமெரிக்க எல்லை ஊர்களும் மெக்சிகோவை நம்பித்தான் வாழ்ந்தன என்பது கதவு சாத்தியபோதுதான் பலர் கண்ணுக்குத் தெரிந்தது.

---

பெட்டிச் செய்தி: போகிறவர்களுக்கு

விசா: செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியர்களுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. திரும்பி வருவதுதான் கவனிக்க வேண்டியது. ஒருமுறை நுழைவு விசாவில் அமெரிக்கா வந்தவர்கள் எல்லை தாண்டுமுன் கட்டாயம் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் போதாது, அசல் வேண்டும்.

எந்த ஊர்: கிளம்புமுன் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கையைப் பாருங்கள். நுவேவோ லரேடோ, மாத்தமோரோஸ் அடங்கிய தமாவுலிபாஸ் மாநிலத்துக்கு ‘போகாதீர்கள்’ என்ற உச்ச எச்சரிக்கை உள்ளது.

நேரம்: பகலில் போய், இருட்டுவதற்குள் நடந்தே திரும்புவது நல்லது. அமெரிக்கக் கார் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது.

திரும்பும்போது: 21 வயதானவர்களுக்கு ஒரு லிட்டர் மது சுங்க வரியில்லாமல் அனுமதி. பழங்கள், பன்றி இறைச்சி போன்றவை பெரும்பாலும் பறிமுதல். வாங்கியதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

துப்பாக்கி: டெக்சாஸ் நண்பரின் காரில் போனால், ஒரு தோட்டாகூட வண்டியில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெக்சிகோவில் அது கடுமையான குற்றம்.

---

ஆற்றோரத்துத் தேள்கள்

இத்தனை ஊர்களிலும் என் மனதை விட்டு இறங்காத ஊர் போக்கியாஸ் தெல் கார்மென். டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு எதிர்க்கரை. ரியோ கிராண்டே ஆறு இங்கே சில எட்டு அகலம்தான். பாலம் கிடையாது. துடுப்புப் படகில் சில டாலர் கொடுத்துத் தாண்டினால், அக்கரையில் கழுதைகள் காத்திருக்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் மணலில் நடந்தோ கழுதைமேலோ போனால் ஊர். ஒரே தெரு. இரண்டு உணவகங்கள். வீட்டு வாசல்தோறும் ஒரு மேஜை, அதுதான் கடை. மேஜைமேல் செம்புக்கம்பியை முறுக்கிச் செய்த தேள், சாலையோடிப் பறவை, ஒகோடியோ செடி. வெள்ளைத் துணிப்பைகளில் வண்ண நூலில் மலையும் கழுதையும்.

அந்தத் தேளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே கம்பி. உடம்புக்கு நெருக்கமாகச் சுற்றி, எட்டுக் காலுக்கும் தனித்தனியாக இழுத்து, கொடுக்கில் கொண்டுவந்து வளைத்து முடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டு மணி. உள்ளங்கையில் வைத்தால் வால் லேசாக அதிரும்.

2002 மே மாதம் வரை இங்கே யாரும் பாஸ்போர்ட் கேட்டதில்லை. பூங்காவுக்கு வந்தவர்கள் சாப்பிட அக்கரைக்குப் போவார்கள். அக்கரைக்காரர்கள் மளிகை வாங்க இக்கரைக்கு வருவார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த மே மாதத்தில் ஒரே உத்தரவில் எல்லாம் நின்றது. நியூயார்க்கில் நடந்த கொடுமைக்கும் இந்தப் பாலைவனக் கிராமத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போக்கியாஸுக்கு மெக்சிகோவுக்குள் பக்கத்து நகரம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். நடுவில் கரடுமுரடான சாலை. சுற்றுலா நின்றதும் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின. பதினோரு ஆண்டு கழித்து, 2013 ஏப்ரலில் கதவு மறுபடி திறந்தது. சிறிய சாவடிக் கட்டடம், உள்ளே ஒரு கருவி. பாஸ்போர்ட்டை அதில் காட்டினால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எல் பாசோவில் இருக்கும் அதிகாரி தொலைபேசியில் கேள்வி கேட்டு அனுப்புவார். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். ஊருக்கு சூரிய ஒளி மின்சாரம் வந்தது அதற்குப் பிறகுதான். 2020 மார்ச்சில் மறுபடி மூடினார்கள். 2021 நவம்பரில் மறுபடி திறந்தார்கள்.

கதவு மூடியிருந்த ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்றும் அது தொடர்கிறது. அமெரிக்கக் கரையில், பயணிகள் நடக்கும் பாதையோரத்துப் பாறைகள்மேல் தேள்களையும் பைகளையும் வண்ணம் தீட்டிய கைத்தடிகளையும் பரப்பிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் விலை எழுதிய அட்டை. பணம் போட ஒரு டப்பா. விற்பவர் யாரும் இல்லை. அதை வாங்குவது சட்டப்படி கடத்தல் பொருள் வாங்குவது. பறிமுதல் செய்வோம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. ஆகவே படகேறி அக்கரைக்கே போய் வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஊருக்குள் ஒரு சாப்பாடு, ஒரு கழுதைச் சவாரி, ஒரு பை என்று பணம் நாலு வீட்டுக்குப் பிரியும்.

ஆனாலும் அந்தப் பாறையருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெயிலில் செம்புக்கம்பி சுடும். டப்பா காற்றில் விழுந்துவிடாமல் இருக்க உள்ளே இரண்டு கூழாங்கல் போட்டிருப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிர்க்கரை மர நிழலில் குதிரைமேல் ஒருவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். நடமாட்டம் ஓய்ந்ததும் முழங்கால் அளவுத் தண்ணீரில் குதிரையை இறக்கி இக்கரைக்கு வருவார். டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவார். விற்காத தேள்களின் கால்களில் படிந்த மணலைத் துடைத்து, நாளைக்கு வருபவர் கண்ணில் படுகிற மாதிரி மறுபடி வரிசையாக வைத்துவிட்டு ஆற்றில் இறங்குவார்.